லூர்து மேரியின் சந்தேகங்கள்

லூர்து மேரி இறந்துவிட்டாள் என்ற செய்தியை நான் முதலில் நம்பவில்லை. இலுப்பூர்ச் சந்தையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஆவூர்ப் பக்கமிருந்து வந்து நின்ற பஸ்ஸின் கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

“மீனாட்சியம்மா, ஒங்களுக்குத் தெரியுமா? வேலையம்மா தவறிட்டாங்களாம்.”

“யாரு சொன்னா?”

“கோயில்ல துக்க மணி அடிச்சாங்கம்மா.”

“மணி யாருக்கு வேணும்னாலும் அடிப்பாங்க. அவளுக்குத்தான் அடிச்சாங்கன்னு நீங்க கேட்டீங்களா?”

கண்டக்டர் முகம் சுண்டிப்போனது. துக்கச் செய்தி கொண்டுவந்தவரைக் குறுக்கு விசாரணை செய்வது முறையில்லைதான். ஆனாலும் நான் விடவில்லை. பஸ்ஸில் ஏறி, ஆவூரில் ஏறியவர்கள் யார் என்று கேட்டு, முன் இருக்கையில் இருந்த ஒரு பெண்ணிடம் மறுபடி விசாரித்தேன். அந்தப் பெண் வீட்டுக்குள் போய் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தவள். அதன் பிறகுதான் நம்பினேன். முருங்கைக்காயைக் கடையிலேயே விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன்.

எதையும் முதலில் சந்தேகப்படுவது என்ற குணம் அவளோடு பழகியதில் எனக்கு ஒட்டிக்கொண்டது. அவளை அறிந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை. நல்லவளா என்று கேட்டால் நம்மில் பலர் உடனே தலையாட்டியிருக்க மாட்டோம். சந்தேகப் பிராணி என்று சொல்லியிருப்போம். அவள் எதைச் சந்தேகப்பட்டாள், ஏன் சந்தேகப்பட்டாள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான் என்பதால் இதை எழுதுகிறேன்.

இறந்தவர்களை ‘அவர்’ என்று எழுதுவதே மரியாதை. அப்படியும் எழுதிப் பார்த்தேன். யாரோ ஒரு அந்நியரைப் பற்றி எழுதுவதுபோல் இருந்தது. அவளும் விட்டிருக்க மாட்டாள். “என்னடி திடீர்னு மரியாதை? என்ன வேணும் ஒனக்கு?” என்று கேட்டிருப்பாள்.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த சமயத்தில் நாங்கள் இருவரும் புதுக்கோட்டையில் ஒரே பள்ளியில் படித்துக்கொண்டிருந்தோம். அவள் ஆவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். நான் திருமயத்துக்காரி. பள்ளிப் படிப்பு முடிந்த சில வருடங்களில், மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த வெளிநாட்டு டாக்டரம்மா எங்கள் இருவரையும் பம்பாய்க்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். ஆக்குபேஷனல் தெரபி என்று ஒரு படிப்பு. நம் நாட்டில் அப்போதுதான் வந்திருந்தது. கை கால் விழுந்தவர்களுக்கும் அடிபட்டவர்களுக்கும் அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பழக்குவது என்று டாக்டரம்மா என் அப்பாவுக்கு விளக்கினார்.

“என்ன மாதிரி வேலைங்க?” என்று அப்பா கேட்டார்.

“குளிப்பது, சாப்பிடுவது, சட்டை போடுவது, சமைப்பது.”

அப்பா தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். வந்ததும் அம்மாவிடம் சொன்னார்: “சோறு திங்கச் சொல்லிக்குடுக்கப் பம்பாய் வரைக்கும் போகணுமாம். இதுல வேற ஏதோ விஷயம் இருக்கு.” மதம் மாற்றத்தான் கூட்டிப்போகிறார்கள் என்பது அம்மாவின் முடிவு. அதே வாரத்தில் ஆவூரில் லூர்து மேரியின் அப்பா, திருமயத்துப் பெண்ணோடு சேர்ந்து பட்டணம் போனால் மகள் கோயிலுக்குப் போவதை விட்டுவிடுவாள் என்று பங்குச் சாமியாரிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு வீட்டிலும் இருந்தது ஒரே பயம். நாங்கள் போய்ச் சில மாதங்களில் என் சித்தப்பா சொல்லாமல் கொள்ளாமல் பம்பாய்க்கே வந்து வகுப்பு வாசலில் நின்றார். அன்றைக்கு நாங்கள் ஒற்றைக் கையால் சட்டைப் பொத்தான் போட்டுப் பழகிக்கொண்டிருந்தோம். ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு ஊர் திரும்பி, “பொத்தான் போடத்தான் சொல்லிக்குடுக்குறாங்க, பயப்பட ஒண்ணுமில்ல” என்று இரண்டு குடும்பங்களுக்கும் தகவல் சொன்னார்.

எங்களுக்கும் அந்தப் படிப்பின் மேல் முதலில் நம்பிக்கை இல்லை. ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துக் குடிப்பதைப் பற்றி ஒரு வாரம் பாடம் நடந்தது. தாகம் தெரிய வேண்டும், செம்பு இருக்கும் இடம் நினைவிருக்க வேண்டும், தூரத்தைக் கண் அளக்க வேண்டும், விரல்கள் செம்பின் அகலத்துக்கு முன்கூட்டியே விரிய வேண்டும், கனம் தெரிந்து மணிக்கட்டு இறுக வேண்டும். இவற்றில் ஒன்று கெட்டாலும் தண்ணீர் தரையில்தான். அந்த வாரம் முடிந்து விடுதிக்கு நடந்து வரும்போது லூர்து மேரி நின்றுவிட்டாள்.

“எங்க ஆத்தா காலையிலருந்து ராத்திரி வரைக்கும் செஞ்சதை எவனும் வேலைன்னு சொல்லல மீனா. ஆத்தாவே சொல்லல. ‘சும்மாதான் இருக்கேன்’னுதான் சொல்லுவாக. யாரோ நம்மள நல்லா ஏமாத்திருக்காங்க.”

அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பெரிய சந்தேகம் அதுதான்.

இரண்டாவது சந்தேகம் என் மேல் வந்தது. ஒரு நாள் முழுவதும் வலது கையைக் கழுத்தோடு துணியால் தூளிபோல் கட்டிக்கொண்டு வாழ வேண்டும் என்று ஒரு பயிற்சி. அன்று அவளுக்குக் கை கட்டப்பட்டது. நான் துணை. நான் அவளுக்குத் தலை சீவினேன், சேலை கட்டிவிட்டேன், செருப்பு மாட்டிவிட்டேன். மதியம் சோற்றைப் பிசைந்து அவள் வாயருகே கொண்டுபோனேன். அவள் கண்களில் நீர் நிறைந்திருந்தது. வெட்கமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, “எங்கிட்ட என்னடி வெக்கம்?” என்றேன்.

“வெக்கம் இல்ல. காலையிலருந்து நான் ஒண்ணுமே பண்ணல. நான் வாழ வேண்டிய நாளை நீ வாழ்ந்துக்கிட்டிருக்கே.”

தட்டை என்னிடமிருந்து இழுத்து இடது கையால் சாப்பிட்டாள். பாதிச் சோறு மடியில் விழுந்தது. அதையும் பொறுக்கிச் சாப்பிட்டாள். அன்றிலிருந்து, யாராவது யாருக்காவது ஓடி ஓடி உதவி செய்வதைக் கண்டால் அவள் கண் சுருங்கும். “அந்தம்மா ஏன் இவ்வளவு உதவி பண்றாங்க? இவங்ககிட்டருந்து என்னத்தை எடுத்துக்கிறாங்க?” என்பாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். நல்லது செய்கிறவர்களைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

படிப்பு முடிந்து ஊர் திரும்பியதும் மிஷன் ஆஸ்பத்திரியில் பழைய தானிய அறை ஒன்றை எங்களுக்கு ஒதுக்கினார்கள். டாக்டரம்மா அதற்குள் தம் நாட்டுக்குத் திரும்பியிருந்தார். ஆஸ்பத்திரியை நடத்திய கன்னிகாஸ்திரியை எல்லாரும் மதர் என்போம். லூர்து மேரி அவரிடம் போய் ஓர் அடுப்பு, ஒரு அம்மி, துடைப்பம், முறம், தண்ணீர் இறைக்க ராட்டினமும் கயிறும், விதவிதமான தாழ்ப்பாள்கள் அடித்த ஒரு பலகை, எல்லாம் வேண்டும் என்று கேட்டாள்.

“நீ ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறாயா, குடித்தனம் நடத்த வந்திருக்கிறாயா?” என்று மதர் கேட்டார்.

நோயாளிகளோடு வந்தவர்களின் சந்தேகம் இன்னும் வெளிப்படையாக இருந்தது. தனி வைத்தியம் என்ற பேரில் ஆஸ்பத்திரி தன் வேலையை நோயாளிகள் தலையில் கட்டுகிறது என்று பேச்சுக் கிளம்பியது. ‘வேலையம்மா’ என்ற பெயர் அப்போது வந்ததுதான். அன்பில் வைத்த பெயர் இல்லை அது. ஒரு நாள் திருமயத்திலிருந்து வந்த ஒருவர் அறை வாசலில் நின்று சத்தம் போட்டார்.

“எங்க அப்பாரு அரிசியில கல்லுப் பொறுக்கவா இங்கிட்டு வந்தாரு? ஊசி போடுங்க, மாத்திரை குடுங்க. வேலை வாங்காதீங்க!”

நான் பதறிப்போனேன். லூர்து மேரி ஒரு மணையைத் தள்ளிப் போட்டாள். “சந்தேகப்படுறது நல்லதுண்ணே. ஒங்க இடத்துல நான் இருந்தா நானும் இப்படித்தான் கேப்பேன். ஒக்காந்து பாருங்க. பொறுக்குன அரிசி எங்கிட்டுப் போகுதுன்னும் பாருங்க.” அவர் மாலை வரை உட்கார்ந்து பார்த்தார். கல்லும் அரிசியும் மறுபடி கலக்கப்பட்டு அதே முறத்துக்கு வந்ததைக் கண்டு இன்னும் குழம்பிப்போனார். அந்த அறைக் கதவு அதன்பின் பகலில் அநேகமாகச் சாத்தப்பட்டதில்லை. யாரும் வந்து உட்கார்ந்து வேவு பார்க்கலாம் என்பது அவள் போட்ட விதி.

அந்த மனிதர் சந்தேகப்பட்டது முற்றிலும் தவறில்லை என்பதும் சீக்கிரமே தெரிந்தது. நோயாளிகள் தங்கள் கட்டிலைச் சுற்றிக் கூட்டுவதைப் பார்த்த மதருக்கு அது பிடித்துப்போயிற்று. வராண்டாவையும் அவர்களே கூட்டினால் பயிற்சிதானே என்றார். மறுவாரம், ஆஸ்பத்திரியைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த அந்தோணியம்மாளை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகத் தெரிந்தது. லூர்து மேரி மதர் அறைக்குப் போனாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள், சாட்சிக்கு.

“மதர், சாப்பிட்ட எலையை அவங்கவங்க எடுத்தா அது மருந்து. அடுத்தவங்க எலையை எடுத்தா அது கூலி வேலை. எங்க வைத்தியத்துல கூலி வேலை கிடையாது.”

“இரண்டும் ஒரே வேலைதானே, மகளே?”

“கைக்கு ஒண்ணுதான் மதர். மனுசருக்கு இல்ல.”

அறையைப் பூட்டிச் சாவியை மதரின் மேசையில் வைத்துவிட்டு வந்தாள். பூட்டிய அறைக்கு வெளியே தினமும் வந்து உட்கார்ந்தாள். நோயாளிகள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அவளைப் பற்றி அதுவரை புறம் பேசியவர்கள், இப்போது அறை ஏன் திறக்கவில்லை என்று மதரிடம் கேட்க ஆரம்பித்தார்கள். கடைசியில் அந்தோணியம்மாள் துடைப்பத்தோடு திரும்பி வந்தாள், சாவியும் திரும்பி வந்தது. ஆனால் மதர் லூர்து மேரியிடம் பழையபடி முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் அதோடு விடவில்லை. மாதம் பிறந்தால் அந்தோணியம்மாள் வருகிறாளா என்று வராண்டாப் பக்கம் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டுத்தான் தன் வேலையைத் தொடங்குவாள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது ராக்காயியின் கதை. அந்த நாளில் ஆஸ்பத்திரியில் இருந்தவர்களுக்குப் பாதி தெரியும். மீதிப் பாதியை இத்தனை வருடம் நாங்கள் இருவரும் வெளியே சொல்லவில்லை. ராக்காயியும் இப்போது இல்லை. இனிச் சொல்லலாம்.

ராக்காயி கந்தர்வக்கோட்டைப் பக்கத்தில் காடு கழனி உள்ள சம்சாரி வீட்டுப் பெண். காய்ச்சலில் கிடந்தவளுக்கு வலப் பக்கம் விழுந்துவிட்டது. கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. கை மட்டும் மடியில் கட்டைபோல் கிடந்தது. அவள் கணவர் கருப்பையா பிள்ளைகளை மச்சினன் வீட்டில் விட்டுவிட்டு, நிலத்தைப் போட்டது போட்டபடி வந்து கூடவே இருந்தார். அவளுக்கு ஊட்டினார், முகம் கழுவினார், தலை சீவிப் பின்னினார். ஓர் ஆண்பிள்ளை பெண்டாட்டிக்கு இப்படிச் செய்வதை வார்டில் யாரும் பார்த்ததில்லை. மற்ற பெண்கள் தங்கள் புருசன்மாரிடம் அவரைக் காட்டிப் பேசினார்கள். மதரே அவரைப் பார்த்துக் கண் கலங்கினார்.

“இந்த ஆளு மேல எனக்குச் சந்தேகமா இருக்கு” என்றாள் லூர்து மேரி.

“தங்கமான மனுசன்டி.”

“அதான். கல்யாணமாகி இத்தனை வருசத்துல இந்தத் தங்கம் எங்க இருந்துச்சு? அந்தக்கா மொகத்தைப் பாரு. ஊட்டுறப்ப அவரையே பாத்துக்கிட்டிருக்கா. புதுசா ஒரு ஆளைப் பாக்குற மாதிரி.”

அவர்தான் அடித்து இப்படி ஆக்கியிருப்பாரோ, பயத்தில் பணிவிடை செய்கிறாரோ என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. டாக்டரிடம் கேட்டாள். அடிபட்டதற்கு அடையாளம் எதுவும் இல்லை, காய்ச்சல்தான் காரணம் என்றார் அவர். அப்போதும் அவள் சமாதானம் ஆகவில்லை.

கை ஏன் தேறவில்லை என்பதும் புரியாமல் இருந்தது. விரல்கள் உள்ளே மடங்க ஆரம்பித்திருந்தன. இப்படியே விட்டால் இறுகி, பிறகு எந்த வைத்தியமும் பலிக்காது. ராக்காயியின் கையில் லூர்து மேரி முறத்தைக் கொடுத்தால் அவள் தன் கணவரைப் பார்ப்பாள். அவர் வாங்கிப் புடைத்துவிடுவார்.

ஒரு நாள் மத்தியானம் கருப்பையா டீ குடிக்க வெளியே போயிருந்தார். நாங்கள் ஜன்னல் பக்கம் நின்றிருந்தோம். புது கம்பவுண்டர் ஒருவர் வார்டு தெரியாமல் பெண்கள் பக்கம் நுழைந்துவிட்டார். ராக்காயியின் மாராப்பு விலகியிருந்தது. அந்நிய ஆணைக் கண்டதும், கட்டைபோல் கிடந்த அந்த வலது கை சட்டென்று எழுந்து முந்தானையை இழுத்துத் தோளில் போட்டது. போட்டுவிட்டு மறுபடி மடியில் விழுந்து கிடந்தது.

லூர்து மேரி என் கையைக் கிள்ளினாள். “பாத்தியா?”

பார்த்தேன். உடனே டாக்டரிடம் சொல்லலாம் என்றேன். அவள் மறுத்தாள். “சொன்னா நடிக்கிறான்னு எழுதி வீட்டுக்கு அனுப்பிருவாங்க. ஏன் நடிக்கிறான்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.”

மறுநாள் கருப்பையாவை மருந்து வாங்க அனுப்பிவிட்டு, ராக்காயியை எங்கள் அறைக்குக் கூட்டிவந்தோம். அன்று மட்டும் லூர்து மேரி கதவைச் சாத்தச் சொன்னாள். கத்தரிக்காயையும் அரிவாள்மணையையும் முன்னால் வைத்தாள்.

“அக்கா, நேத்து அந்தக் கம்பவுண்டர் வந்தப்ப நான் ஜன்னல் பக்கம்தான் நின்னேன்.”

ராக்காயி இடது கையால் ஒரு கத்தரிக்காயை உருட்டினாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்: “கை வந்துருச்சுன்னா அவரு போயிருவாருங்க.”

“எங்க போயிருவாரு?”

“எங்கிட்டும் போக மாட்டாரு. வீட்டுலதான் இருப்பாரு. ஆனா போயிருவாரு.”

அதற்கு மேல் மெல்ல மெல்லச் சொன்னாள். கருப்பையா கெட்டவர் இல்லை. அடித்ததில்லை. ஆனால் அவள் பேரைச் சொல்லிக்கூட அவர் கூப்பிட்டதில்லை. சோற்றை வைத்தால் சாப்பிடுவார், எழுந்து போவார். இப்போது ஒவ்வொரு கவளத்துக்கும் “காரமா இருக்கா?” என்று கேட்கிறார். தலை பின்னும்போது ஊர்க்கதை சொல்கிறார். “அவருக்குப் பேசத் தெரியும்னே எனக்குத் தெரியாதுங்க. இந்தக் கை போனதுக்கப்புறந்தான் எனக்குக் கல்யாணமான மாதிரி இருக்கு.”

இப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே என்றுதான் எனக்குப் பட்டது. அன்று மாலை லூர்து மேரியிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். “கை நடிக்க ஆரம்பிச்சா கொஞ்ச நாள்ல நெசமாவே மறந்துரும். அப்புறம் அவருக்கும் அலுத்துப்போகும். அப்ப இவளுக்குக் கையும் இருக்காது, ஆளும் இருக்காது.”

அடுத்து அவள் கருப்பையாவைப் பிடித்தாள். கிணற்றடியில் வைத்து நேராகவே கேட்டாள். “அண்ணே, நீங்க ஏன் இவ்வளவு செய்றீங்க? உள்ளதைச் சொல்லுங்க.”

அவர் முதலில் கோபப்பட்டார். பிறகு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அவ விழுந்த அன்னைக்குப் புள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சப் போனேன்மா. உப்பு எங்க இருக்குன்னு தெரியல. அடுப்பைப் பத்தவைக்கத் தெரியல. எம் பொண்ணுக்கு எந்தப் பக்கம் வகிடு எடுக்கணும்னு தெரியல. எல்லாம் எங் கண்ணு முன்னாலதான் நடந்துருக்கு. நான் ஒண்ணையும் பாக்கல. யாரு வீட்டுக்குள்ளயோ இத்தனை வருசமாச் சோறு தின்னுருக்கேன்மா.”

லூர்து மேரி கேட்டாள்: “இப்பத் தெரியுது. அவங்க எந்திரிச்சு நடமாடுனதுக்கப்புறமும் தெரியுமா?”

“தெரியும்மா.”

“எனக்கு நம்பிக்கை இல்லண்ணே” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, மறுநாளிலிருந்து அவர் எங்கள் அறைக்கு வந்து குழம்பு வைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றாள். வைத்தியம் பெண்டாட்டிக்கா தனக்கா என்று அவருக்குக் குழப்பம். ஆனாலும் வந்தார்.

ராக்காயி மணையில் உட்கார்ந்து வாயால் சொல்ல வேண்டும், அவர் செய்ய வேண்டும். புளியைக் கரைக்கச் சொன்னால் சக்கையோடு ஊற்றினார். வெங்காயத்தைக் கட்டை கட்டையாக நறுக்கினார். ராக்காயிக்கு முதலில் சிரிப்பு, பிறகு பொறுக்க முடியாத எரிச்சல். ஒரு நாள் குழம்பு கொதித்துப் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவர் கரண்டியைத் தேடித் தடுமாறினார். ராக்காயி எழுந்தாள். வலது கையில் கந்தைத் துணியும் இடது கையில் முந்தானையுமாகச் சட்டியைப் பிடித்து, அலுங்காமல் தூக்கிக் கீழே இறக்கினாள்.

இறக்கிய பிறகுதான் அவளுக்குத் தான் செய்தது உறைத்தது. அப்படியே குந்திவிட்டாள். கருப்பையா அந்தக் கையைப் பார்த்தார்.

“கை வந்துருச்சா?”

அவள் வாயை மூடிக்கொண்டு அழுதாள். அவர் கோபப்படுவார் என்று நான் பயந்தேன். அவரோ, எல்லாம் கைவிட்டுப் போனவர்போல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். “அப்ப நான் என்ன பண்றது?” என்று கேட்டார்.

“நெசமாக் கேக்குறீங்களா, இல்ல சும்மாவா?” என்றாள் லூர்து மேரி.

“நெசமாத்தாம்மா.”

“மத்த எல்லாத்தையும் அவங்க செய்யட்டும். தலை பின்னுறதை மட்டும் விட்டுறாதீங்க. அவங்களாப் பின்னிக்க முடிஞ்சாலும் நீங்களே பின்னி விடுங்க.”

அவர்கள் போன பிறகு நான் சண்டை பிடித்தேன். நோயாளிக்கு முடிந்ததை நாம் செய்யக்கூடாது என்று ஊரெல்லாம் பகைத்துக்கொண்டவள் இவள்தானே? “அது வைத்தியம். இது வேற” என்றாள். அதற்கு மேல் விளக்கவில்லை.

இன்னொன்றும் கேட்டேன். அன்றைக்கு அடுப்பில் விறகு அவ்வளவு உள்ளே தள்ளியிருந்தது எப்படி? கருப்பையாவுக்கு எப்போதும் தீயைக் குறைத்தே வைத்துத்தான் பழக்கம். நான் அம்மியருகே இருந்தேன். அடுப்பின் பக்கத்தில் கடைசியாக நின்றவள் லூர்து மேரி. பல வருடம் பலவிதமாகக் கேட்டுப் பார்த்தேன். “எல்லாத்தையும் சந்தேகப்படாதடி” என்று சிரிப்பாள். எனக்கு இன்றும் அந்தச் சந்தேகம் தீரவில்லை.

அவர்கள் வீடு திரும்பிய பின்னும் அவள் சும்மா இருக்கவில்லை. கந்தர்வக்கோட்டை பஸ்ஸைப் பிடித்து, சொல்லாமல் போய் இறங்குவாள். முந்திரித் தோப்பு வழியாகப் பின்பக்கமாக வருவாள். என்னையும் ஒரு முறை கூட்டிப்போனாள். கருப்பையா ஜம்மென்று சம்மணம் போட்டு உட்கார்ந்து சோற்றுக்குக் காத்திருந்தார். லூர்து மேரி வணக்கம்கூடச் சொல்லவில்லை. “அண்ணே, உப்பு எங்க இருக்கு?” என்றாள். அவர் பதறி ஒரு கலயத்தைக் காட்டினார். திறந்தால் புளி. ராக்காயி அடக்க முடியாமல் சிரித்தாள். “நாந்தாங்க போன வாரம் எடம் மாத்தி வச்சேன். பாக்குறாரான்னு பாக்கத்தான்.” தலையில் பின்னல் மட்டும் கொஞ்சம் கோணலாக, ஆண்பிள்ளை போட்ட பின்னலாகவே இருந்தது. திரும்பும்போது லூர்து மேரி பஸ்ஸில் ஏறியதும், “பரவாயில்ல” என்றாள். அவள் வாயில் அந்த வார்த்தை வருவது அபூர்வம்.

இந்த வருட ஆரம்பத்தில் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஈரல் கெட்டுவிட்டது என்றார்கள். ஆவூரில் அண்ணன் வீட்டில் போய்ப் படுத்தாள். நான் பார்க்கப் போன முதல் நாளே என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எதுக்கு வந்தே? என்னையப் பாக்கவா, எனக்குச் செய்யவா?”

“பாக்கத்தான்.”

“அப்ப ஒக்காரு.”

அவள் அண்ணி பிலோமினா நல்ல பெண். படுக்கையில் இருப்பவரை எழுந்திருக்க விடக்கூடாது என்று வளர்ந்தவள். இருவருக்கும் தினமும் போராட்டம். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். வீட்டுக் குழம்புக்கு வேண்டிய சின்ன வெங்காயத்தை லூர்து மேரிதான் உரித்துக் கொடுப்பாள். வேறு எதையும் கேட்கமாட்டாள். காலையில் தட்டில் வைத்தால் கை நடுங்க நடுங்க உரித்து முடிக்க உச்சிப்பொழுது ஆகிவிடும். பசங்கள் பள்ளியிலிருந்து வந்து பசியோடு காத்திருப்பார்கள். “இந்த வீட்டுல என்னைக்கு நேரத்துக்குச் சோறு திங்கப்போறோமோ!” என்று பிலோமினா என்னிடம் வாசலில் நின்று புலம்பினாள். உள்ளே அவளிடம் சொல்லவில்லை.

செய்தி கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது லூர்து மேரியை நடு வீட்டில் கிடத்தியிருந்தார்கள். பிலோமினா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். முந்தின நாள் காலையில் லூர்து மேரிக்கு நினைவு தப்பிவிட்டதாம். வெங்காயம் கேட்கவில்லையாம். “நானே உரிச்சிருக்கலாம் மீனாக்கா. ஒரு நிமிசத்துல உரிச்சிருப்பேன். கை வரல. தட்டை அவ பக்கத்துலயே வச்சிட்டேன். நேத்து வீட்டுல கொழம்பு வைக்கல. மோரை ஊத்தித்தான் எல்லாரும் சாப்பிட்டோம்.”

கருப்பையா அடக்கத்துக்கு வந்திருந்தார். ராக்காயி போய்ச் சேர்ந்த பிறகு அவரை நான் பார்க்கவில்லை. மெலிந்திருந்தார். தானே சமைத்துச் சாப்பிடுகிறாராம். என்னிடம் வந்து, “அம்மா என்னைய கடைசி வரைக்கும் நம்பவே இல்லைங்க” என்றார். குறைபோலச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொன்னார்.

அவளிடமிருந்து எனக்கு எது மிச்சம் என்று கல்லறையிலிருந்து திரும்பும்போது யோசித்துக்கொண்டு வந்தேன். படிப்பு இருவருக்கும் ஒன்றுதான். அவள் பிடிவாதம் எனக்கு வராது. மதர் முன்னால் சாவியை வைக்கும் துணிச்சலும் கிடையாது. அவளுடைய சந்தேகத்தைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அன்பாக நீளும் கையைப் பார்க்கும்போதெல்லாம், அது கொடுக்கிறதா எடுக்கிறதா என்று ஒரு நொடி நின்று பார்க்கும் அந்தக் கெட்ட பழக்கம். அது இப்போது என்னுடையது.

இன்று காலை வார்டில் புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். இலுப்பூரில் கடை வைத்திருப்பவர், பக்கவாதம். மனைவி டம்ளரில் காப்பியை ஆற்றி அவர் வாயருகே கொண்டுபோனார். “கொஞ்சம் பொறுங்கம்மா” என்றேன். அந்தம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். இவளுக்கு என்ன வந்தது, இதில் இவளுக்கு என்ன லாபம் என்று கேட்கும் பார்வை. டம்ளரை வாங்கிக் கணவரின் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்தேன். காப்பியில் ஆடை படிந்தது. நாங்கள் மூவரும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெகு நேரம் கழித்து, சுண்டு விரல் மட்டும் போர்வையின் மேல் கொஞ்சம் நகர்ந்தது.